ஞெலிகோலும் ஊதுகுழலும்: அடுப்பங்கரைக் கருவிகளின் வழியே ஒரு சங்கப்பாடல் வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சங்கப் பாடல்களில் வரும் அடுப்பு வறுமையின் குறியீடாகவும், அட்டிற்புகை இல்லறச் சிறப்பின் அடையாளமாகவும் ஆய்வாளர்களால் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டுள்ளன. அடுப்பின் தீயை மூட்டவும் ஓம்பவும் அடக்கவும் பயன்படும் கருவிகள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. தீயை உண்டாக்கும் கருவியும் தீயால் பயன்கொள்ளும் கலமும் பாடல்களில் பெயரோடு இடம்பெறுகின்றன. அட்டிலில் தீயை ஓம்பும் பெண்ணின் கையில் கருவி காட்டப்படுவதில்லை. அவளுடைய கண்ணும் விரலும் நகமுமே காட்டப்படுகின்றன. இவ்வேறுபாட்டைத் தெரிந்தெடுத்த பாடல்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல்கள் பெயரிடாத அவ்வறிவைப் பழமொழி வழக்கு எவ்வாறு காத்துவந்துள்ளது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: ஞெலிகோல், ஊதுகுழல், அட்டில், தடவு, மிதிதோல், தீயோம்பல், பழமொழி

முன்னுரை

'அடு' என்னும் வினையடியிலிருந்தே அடுப்பு, அட்டில், அடுக்களை ஆகிய சொற்கள் தோன்றின. சமைத்தல் என்னும் செயலே இடத்திற்கும் பொருளுக்கும் பெயராகியுள்ளது. ஆயினும் சமைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு வேலை உண்டு. தீயை எழுப்புவதும், வேண்டிய அளவில் நிறுத்துவதும், வேலை முடிந்தபின் அணையாமல் சாம்பலுக்குள் வைத்துக் காப்பதும் அவ்வேலையின் கூறுகள். 'அடுதல்' என்னும் சொல் இதனைத் தனித்துக் காட்டுவதில்லை. உணவைப் பேசும் ஆய்வுகளும் பெரும்பாலும் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த பின்னர் வளர்ந்த சங்க இலக்கியத் திறனாய்வில் அடுப்பிற்கு இரு பொருள்கள் நிலைபெற்றன. ஒன்று, எரியாத அடுப்பு புலவனின் வறுமையைச் சுட்டும். மற்றொன்று, எரியும் அடுப்பின் முன் நிற்கும் தலைவி மனையறத்தின் மாட்சியைச் சுட்டுவாள். இரண்டு பொருள்களும் பாடல்களுக்கு உரியவையே. ஆனால் இரண்டும் தீயின் இருப்பையோ இன்மையையோ மட்டும் பார்ப்பவை. எரியும் தீக்கும் எரியாத தீக்கும் இடையே ஒரு கை இருக்கிறது. அக்கையில் பாடல் எதனைக் கொடுக்கிறது, எதனைக் கொடுக்கவில்லை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

மூட்டல், ஓம்பல், அடக்கல்

பாடல்களுக்குள் செல்லுமுன் கருவிகளின் இயல்பைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. விறகடுப்பின் வேலை மூன்று நிலைகளைக் கொண்டது. முதலாவது தீமூட்டல். தீக்குச்சி எளிதில் கிடைக்காத காலத்தில் இது கடைகோலாலோ, அண்டை வீட்டிலிருந்து கொட்டாங்குச்சியில் வாங்கிவந்த கங்காலோ நிகழ்ந்தது. இரண்டாவது தீயோம்பல். இதற்குரிய தலையாய கருவி ஊதுகுழல். பேச்சு வழக்கில் ஊதாங்குழல். மூங்கிலாலோ இரும்பாலோ பித்தளையாலோ ஆன, ஏறக்குறைய ஒரு முழ நீளமுள்ள குழாய் இது. விறகைத் தள்ளவும் இழுக்கவும் உதவும் கம்பி, கரியடுப்பிற்கு விசிறும் பனையோலை விசிறி, கங்கை எடுக்கும் இடுக்கி ஆகியன இதனோடு சேர்ந்தவை. மூன்றாவது தீயடக்கல். எரிந்து முடிந்த கொள்ளியை வெளியே இழுத்து, கங்கைக் கூட்டி, அதன்மேல் சாம்பலை மூடி மறுவேளைக்குக் காத்தல் இந்நிலை.

ஊதுகுழலின் பயன் வெளித்தோற்றத்திற்கு எளியது. வாயால் நேரே ஊதும்போது மூச்சு விரிந்து பரவுகிறது. சாம்பல் கிளம்பி முகத்தில் படிகிறது. ஊதுபவர் கனலுக்கு அருகே குனிய வேண்டியிருக்கிறது. குழலின் வழியே செல்லும் மூச்சு குறுகி, கங்கின் ஒரு புள்ளியில் சென்று படுகிறது. அவ்விடத்துக் காற்றோட்டம் மிகுவதால் கனல் சிவந்து சுடர்விடுகிறது. அதைவிட முதன்மையானது, குழலின் நீளம் முகத்தைப் புகையிலிருந்து விலக்கிவைக்கிறது என்பதாகும். ஊதுகுழல் தீயைப் பெருக்கும் கருவியாக இருப்பதோடு கண்ணைக் காக்கும் கருவியாகவும் இருக்கிறது. பாடல்களில் தலைவியின் கண் எந்நிலையில் காட்டப்படுகிறது என்பதை ஆராயும்போது இவ்வுண்மை மனங்கொள்ளத்தக்கது.

கடைந்தெடுக்கும் தீ

தமிழ்க் கவிதையில் தீக்கருவி ஒன்று பெற்ற மிக உயர்ந்த இடம் புறநானூற்று 315ஆம் பாடலில் உள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடும் ஔவையார், வீட்டின் இறப்பில் செருகிவைக்கப்பட்ட ஞெலிகோலுக்கு அவனை உவமையாக்குகிறார். கூரையோரத்தில் கிடக்கும் கோல் பார்வைக்கு வெறுங்கோல். கடைந்தால் தீ பிறக்கும். அஞ்சியும் தன் ஆற்றல் வெளித்தோன்றாமல் இருக்க வல்லவன். வேண்டும்போது அக்கோலில் பிறக்கும் தீப்போல வெளிப்படவும் வல்லவன். வேந்தனுக்கு உவமையாவது வேங்கையோ மலையோ அன்று. வீட்டுக் கூரையில் செருகிய ஒரு கோல். அடுப்பிற்குத் தீ தரும் வீட்டுப்பொருளுக்குக் கிடைத்த இப்பெருமை குறிப்பிடத்தக்கது.

இக்கோல் எச்செயலுக்கு உரியது என்பதும் நோக்கத்தக்கது. ஞெலிதல் என்பது கடைதல். அது தீயைத் தோற்றுவிக்கும் செயல். இச்செயல் பாடல்களில் ஆண்களின் கையில், பெரும்பாலும் வீட்டிற்கு வெளியே நிகழ்கிறது. புறநானூறு 150இல் வன்பரணர் காட்டும் நள்ளி, காட்டில் தானே கடைந்த தீயில் ஊனைச் சுட்டு, பசித்து வந்த இரவலர்க்குக் கொடுக்கிறான். அத்தீயைக் கடைந்தவன் அவனே என்பதைச் சொல்லுவது அவனுடைய வள்ளன்மைக்குச் சான்றாக நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் ஞெலிகோலால் பெற்ற தீக்கொள்ளியைக் கொண்டு மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறான். தீப்பட்டுக் கருகிய அத்துளைகளையும் புலவர் விட்டுவிடவில்லை. கருவி, கருவியால் பிறந்த தீ, அத்தீயால் பிறந்த மற்றொரு கருவி என மூன்றும் அவ்வடிகளில் வரிசையாக நிற்கின்றன.

ஆயனின் குழலும் அடுக்களையின் குழலும் வடிவால் உறவுடையவை. இரண்டும் மூச்சு செல்லும் மூங்கில். ஒன்றில் மூச்சு இசையாகிறது, மற்றொன்றில் அனலாகிறது. முல்லை நிலத்துக் குழல் தமிழ்க் கவிதையில் நெடுங்காலம் ஒலித்தது. அடுக்களைக் குழலுக்கு அத்தகைய இடம் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பாடல்கள் எவற்றிலும் அமையவில்லை. உள்ளீடற்ற மூங்கிலையும் அதன்வழி மூச்சைச் செலுத்துவதையும் அக்காலத்தார் அறிந்திருந்தனர் என்பதற்கு ஆயன் குழலே சான்று. ஆகவே பாடலில் இல்லாமை பொருளின் இல்லாமையாகாது. பொருளின் இருப்பிற்கும் அது சான்றாகாது. பாடல் எதனைத் தன் பொருளாகத் தேர்ந்துகொள்கிறது என்பதே இங்குக் காணத்தக்கது.

தீயின் பயனை நுகர்வோரின் கலத்திற்கும் பெயர் உண்டு. நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்து நகரைக் காட்டும்போது, மக்கள் குளிர்ந்த நீரை விலக்கி, வாயகன்ற தடவில் உள்ள நெருப்பின் வெம்மையை நாடுவதைக் கூறுகிறார். அப்பாட்டின் தொடக்கத்தில் கோவலர் கையில் கொள்ளி இருக்கிறது. கொள்ளியும் தடவும் வெம்மை கொள்வோரின் பொருள்கள். அத்தடவில் கனலை இட்டவர் யார், அது அவியாமல் காத்தவர் யார் என்பதற்குப் பாட்டில் விடையில்லை. தீயோம்பலுக்கு மதிப்புத் தரும் இடங்கள் சங்கப் பாடல்களில் இல்லாமலில்லை. புறநானூற்றின் இரண்டாம் பாடலில் அந்தணர் அந்திக்கடன் ஆற்றும் முத்தீ இமயத்தில் ஒளிர்கிறது. அத்தீக்கு எண்ணும் உண்டு, காலமும் உண்டு, ஓம்புவார் பெயரும் உண்டு. வேள்வித் தீக்குக் கிடைத்த இம்மதிப்பு அட்டில் தீக்குக் கிட்டவில்லை.

அட்டிலில் காணப்படும் உடல்

அட்டிலுக்குள் நுழையும்போது பாடலின் பார்வை மாறுகிறது. நற்றிணை 120இல் மாங்குடி கிழார் காட்டும் தலைவி வாளை மீனை வகைப்படுத்தி அரிகிறாள். மெல்லிய விரல்கள் சிவக்கின்றன. புகை படிந்து கண்கள் நிறம் மாறுகின்றன. நெற்றியில் அரும்பிய வியர்வையை உடையின் நுனியால் துடைக்கிறாள். குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் காட்டும் தலைவி தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை அவளுடைய கண்களில் படிகிறது. தானே துழாவிச் சமைத்த குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது.

இவ்விரு பாடல்களும் மனையறத்தின் அழகுக்கு எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் நிலைத்தவை. அவ்வழகை மறுப்பதற்கு இடமில்லை. ஆனால் அழகு எதனால் ஆகிறது என்று நோக்கினால், அது உழைப்பு உடலில் விட்ட அடையாளங்களால் ஆகிறது. சிவந்த விரல், புகையுண்ட கண், நெற்றி வியர்வை ஆகிய மூன்றும் வேலையின் தழும்புகள். கருவி நிற்க வேண்டிய இடத்தில் இரு பாடல்களும் உடலை நிறுத்துகின்றன. துடைப்பதற்குத் துணியில்லை, ஆடை இருக்கிறது. புகையை விலக்குவதற்கு எதுவுமில்லை, கண் இருக்கிறது. ஞெலிகோலைக் கண்ட பார்வை இங்குக் கோலைக் காணவில்லை. கண்ணைக் கண்டு அதன் நிறத்தைப் பாடுகிறது.

நற்றிணைப் பாடலில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஊடியிருக்கும் தலைவி விருந்தினர் வந்தால் சினம் மறைத்துச் சிறுமுறுவல் காட்டுவாள் என்று தலைவன் விருந்தை விரும்புகிறான். விருந்து ஊடலைத் தணிக்கும் வாயில் என்பது அகமரபு. அட்டிலின் பக்கம் நின்று பார்த்தால், விருந்து என்பது மீண்டும் ஒரு முறை தீயைத் தூண்டுவது; மீண்டும் புகை, மீண்டும் வியர்வை. தலைவனின் விருப்பம் நிறைவேறுவதற்கு ஆகும் விலையை அவளுடைய கண் செலுத்துகிறது. அப்புகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் இப்பொருள் நமக்குக் கிடைத்திராது. புலவர் அதனைக் கண்டிருக்கிறார். பின்வந்த வாசிப்பு அதனை ஒப்பனையாகக் கொண்டுவிட்டது.

வறுமைப் பாடல்களிலும் இந்நிலையே காணப்படுகிறது. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் கூறும் அடுப்பு, சமைத்தலை மறந்து காளான் பூத்தது. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் காட்டும் அட்டிலில் கண் திறவாக் குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கிறது. அங்கும் காளான் பூத்திருக்கிறது. அவ்வீட்டுக் கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். காளான் பூத்த அட்டிலுடைய அவ்வீட்டில், கீரை வேகும் அளவுக்கேனும் தீ எழுந்திருக்கிறது. அத்தீயை மூட்டியவள் அவளாகவே இருத்தல் வேண்டும். பாடலோ நகத்தையும் கதவையும் கூறி, தீயைக் கூறாமல் செல்கிறது. வறுமையில் தீயை எழுப்புவது செல்வத்தில் எழுப்புவதைவிடக் கடினம். காய்ந்த விறகு கிடைப்பதும், காத்துவைத்த கங்கு இருப்பதும் அங்கு அரிது. அருமையான அச்செயலே பாடலின் மௌனத்தில் மறைகிறது.

கொல்லன் துருத்தியும் தலைவி நெஞ்சும்

அகப்பாடல் உணர்வையே பொருளாகக் கொள்வது, ஆகவே அதில் கருவிகளை எதிர்பார்த்தல் பொருந்தாது என்று இதற்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பிற்குச் சங்கப் பாடல்களே விடை தருகின்றன. கொல்லன் உலைக்களத்தின் கருவிகளை அவை தயங்காமல் ஏற்றுக்கொள்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் நண்டின் பிளவுபட்ட கால் கொல்லனின் கொடிற்றுக்கு உவமிக்கப்படுகிறது. தீயிலிருந்து பொருளைப் பற்றி எடுக்கும் இடுக்கியின் வாய் எவ்வாறு பிளந்திருக்கும் என்பதைப் புலவர் உற்றுக் கண்டிருக்கிறார்.

குறுந்தொகை 172 இவ்வகையில் மிகவும் குறிப்பிடத்தக்கது. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய இப்பாடலில் தலைவி, தன் நெஞ்சின் ஓயாத வருத்தத்திற்கு உலையின் மிதிதோலை உவமை கூறுகிறாள். ஏழு ஊர்களின் பொதுவேலைக்கு ஓர் ஊரில் அமைத்த உலையின் துருத்தி அது. அதன் உழைப்பிற்கு எல்லையில்லை. நன்னாகையாரைப் பெண்பாற் புலவராகக் கொள்வது மரபு. பெண் பாடிய பாட்டு, பெண் கூற்று, ஓய்வில்லாத உழைப்பு, தீயை ஊதும் கருவி ஆகிய அனைத்தும் இங்கு ஒன்றுசேர்கின்றன. ஆனால் அவ்வுவமை தலைவியின் சொந்த அடுப்பிலிருந்து எழவில்லை. ஏழூர்க்கும் பொதுவான கொல்லன் களத்திலிருந்து எழுகிறது.

இதற்குக் காரணம் பொதுமை என்று கருதலாம். ஏழு ஊரார் காணும் துருத்தியின் உழைப்பைச் சொன்னவுடன் கேட்போர் உணர்வர். ஒரு வீட்டின் உட்புறத்தில் நாள்தோறும் ஊதப்படும் தீயின் உழைப்புக்கு அத்தகைய பொதுக்காட்சி இல்லை. உலைக்களம் தெருவில் இருக்கிறது; அட்டில் வீட்டினுள் இருக்கிறது. ஔவையாரின் ஞெலிகோலும் வீட்டின் இறப்பில், வீடும் வெளியும் கூடும் எல்லையில் இருக்கிறது என்பதை இங்கு இணைத்து நோக்கலாம். இங்கு ஆராய்ந்த பாடல்களில் தீக்கருவி உவமையாவதற்கு அது வெளியிலிருந்து காணத்தக்க இடத்தில் இருத்தல் வேண்டியதாயிற்று. ஆகவே இது புலவரின் பாலைப் பொறுத்த வேறுபாடு அன்று. கருவி இருக்கும் இடத்தைப் பொறுத்த வேறுபாடு.

வழக்காறு காத்த அறிவு

பாடல் பெயரிடாத தீயோம்பல் அறிவு பழமொழிகளில் பெருமளவு தங்கியுள்ளது. 'எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்' என்னும் பழமொழி அடுப்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் முறையை அப்படியே கூறுகிறது. விறகடுப்பில் கொதியை அடக்கப் பானையைத் தொட வேண்டியதில்லை; கொள்ளியை இழுத்தால் போதும். 'நீறு பூத்த நெருப்பு' என்னும் தொடர் தீயடக்கலின் விளைவை ஒரு பூவின் தோற்றமாகக் காட்டுகிறது. சாம்பல் கனலுக்குப் போர்வை. காற்றைக் குறைத்து, கனலை மெல்ல எரியவைத்து, விடியும்வரை காப்பது. இவ்விரண்டையும் முதலில் அறிந்தவர் அடுப்பின் முன் அமர்ந்தவராகவே இருத்தல் வேண்டும்.

'அடுப்பு நெருப்பும் போய் வாய்த்தவிடும் போச்சு' என்னும் பழமொழி ஊதுகுழல் இல்லாத நிலையின் சித்திரம். பசிக்குத் தவிட்டை வாயிலிட்டவர் நெருப்பை ஊதுகிறார். நெருப்பும் எழவில்லை, தவிடும் பறந்துவிடுகிறது. உண்ணும் வாயும் ஊதும் வாயும் ஒன்றாக இருப்பதே அவ்விழப்பிற்குக் காரணம். நகைச்சுவைக்காக வழங்கும் இத்தொடருக்குள், பசியோடு தீயை எழுப்ப வேண்டிய ஒருவரின் நிலை அடங்கியுள்ளது. சிறுபாணாற்றுப்படை கூறாமல் விட்ட கணத்தை இப்பழமொழி கூறுகிறது எனலாம்.

ஆயினும் வழக்காறும் இவ்வறிவை அதற்கு உரியவரின் பெயரில் வைக்கவில்லை. எரிவதைப் பிடுங்குதல் இன்று பூசலைத் தணிக்கும் உத்தியைக் குறிக்கிறது. நீறு பூத்த நெருப்பு உள்ளடங்கிய பகையைக் குறிக்கிறது. ஊதிப் பெரிதாக்குதல் பொதுவாழ்வின் சொல்லாடலாகிவிட்டது. உருவகம் ஊர்மன்றத்திற்குச் சென்றது. அதனைத் தந்தவர் அடுக்களையிலேயே நின்றார். அவரைப் பற்றி எஞ்சிய தொடர், அடுப்பு ஊதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்பது. கனலின் நிலையறிந்து மூச்சை அளந்து செலுத்தும் திறனை இத்தொடர் அறியாமையின் சான்றாக மாற்றிவிடுகிறது. முன்னைய பழமொழிகள் அறிவென்று கொண்டதையே பின்னையது அறிவின்மை என்று தள்ளுகிறது. இரண்டும் ஒரே மொழியில், ஒரே காலத்தில் வழங்கிவந்துள்ளன.

தற்காலப் புனைகதையில் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சமையலறையையே பொருளாக்கியது. அதனைத் தொடர்ந்த பெண்ணிய வாசிப்புகள் சமையலறையை ஒடுக்கும் இடமாகவும் பெண்கள் அதிகாரம் செலுத்தும் இடமாகவும் விரிவாக விவாதித்துள்ளன. இடத்தைக் குறித்த அவ்விவாதத்தோடு கருவியைக் குறித்த வாசிப்பும் சேர்தல் தேவை. இடம் ஒருவரை அடைத்துவைக்கலாம். கருவி அவர் அங்கு என்ன அறிந்திருந்தார் என்பதைக் காட்டும்.

இத்தேவைக்குக் காலத்தின் நெருக்கடியும் உண்டு. சிவகாசியில் 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் தீமூட்டலை எளிதாக்கியது. கங்கு காக்கும் பழக்கத்தின் தேவையும் அதனால் குறைந்தது. எரிவாயு அடுப்பில் மூட்டல், ஓம்பல், அடக்கல் ஆகிய மூன்றும் ஒரு திருகில் முடிகின்றன. தீயைத் தணித்தலைக் குறிக்க இன்று 'சிம்மில் வை' என்பதே வழக்கு. புகையிலிருந்து கண்கள் விடுபட்டது பெரும் நன்மை. அதற்காக வருந்துதல் தகாது. ஆனால் சொற்கள் மறையும்போது பாடலைப் படிக்கும் கண்ணும் மங்குகிறது. கொள்ளியை இழுத்தறியாத மாணவர்க்குப் புகையுண்ட கண் வெறும் வருணனையாகவே நிற்கும். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி போன்ற முயற்சிகளின் வழியில், அடுப்படிச் சொற்களை வட்டாரந்தோறும், அவற்றைக் கையாண்ட பெண்களிடமிருந்தே திரட்டுவது சங்கப்பாடல் வாசிப்பிற்கும் துணையாகும்.

முடிவுரை

இங்கு ஆராய்ந்த பாடல்களில் தீயைத் தோற்றுவிக்கும் ஞெலிகோல், தீயின் வெம்மையைத் தரும் தடவு, உலைக்களத்தின் கொடிறு, மிதிதோல் ஆகியன பெயரோடும் உவமைத் தகுதியோடும் நிற்கின்றன. அட்டில் தீயை நாள்தோறும் ஓம்பும் செயலுக்கு அத்தகைய கருவிப்பெயர் அமையவில்லை; அவ்விடத்தை ஓம்புபவளின் கண்ணும் விரலும் நகமும் நிரப்புகின்றன. இவ்வேறுபாடு கருவியின் பொதுக்காட்சியைச் சார்ந்தது என்பதற்கு நன்னாகையாரின் மிதிதோலும் ஔவையாரின் ஞெலிகோலும் சான்றாகின்றன. பழமொழி வழக்கு தீயோம்பல் அறிவைக் காத்தது. ஆனால் அதற்குரியவரிடமிருந்து அதனைப் பிரித்தது.

இதனால் நற்றிணை 120, குறுந்தொகை 167 முதலிய பாடல்களின் மதிப்புக் குறைவதில்லை. புகையைக் கண்ட புலவர்கள் உழைப்பையும் கண்டவர்களே. அப்புகையை இல்லறத்தின் நறுமணமாக மட்டும் விளக்கிக் கற்பிக்கும் முறையே மாற வேண்டுவது. புகையுண்ட கண் என்று படிக்கும்போது, அக்கண் எவ்வளவு அருகில் குனிந்திருந்தது என்னும் வினாவும் வகுப்பறையில் எழுதல் வேண்டும்.